இடுப்புக் கிண்ண முறிவு: அறுவைக்கு ஏன் காத்திருக்கிறோம்?

“மூன்று நாளாகியும் ஏன் இன்னும் அறுவை சிகிச்சை செய்யவில்லை?” என உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

தொடை எலும்பின் பந்து போன்ற தலை சுழலும் குழியே இடுப்புக் கிண்ணம். அது முறிந்தவுடன் உள்ளே இரத்தம் கசியும். கசிவு அடங்குமுன் திறந்தால் இரத்த இழப்பு மிகும். ஆகவே, மூட்டு நழுவியிருந்தால் அதை மட்டும் சில மணி நேரத்துக்குள் சரிசெய்து, தேவைப்பட்டால் காலை எடை கட்டி இழுவையில் வைக்கிறோம். எப்பக்கமாகத் திறப்பது என்பதை சி.டி. ஸ்கேன் பார்த்தே முடிவு செய்கிறோம்.

இக்காத்திருப்புக்கும் எல்லை உண்டு. இடம் பெயர்ந்த துண்டுகளைப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தகடும் திருகும் கொண்டு பொருத்திவிட வேண்டும். மூன்று வாரம் கடந்தால் அவை கோணலாகவே ஒட்டத் தொடங்கும்; பிறகு நேராக்குவது எங்களுக்கே பெரும்பாடு. கிண்ணத்தின் உட்பரப்பில் 2 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் நின்றால் மூட்டு விரைவில் தேயக்கூடும். இடையில் வீட்டுக்கு அழைத்துச் சென்று நாட்டுக்கட்டுப் போட எண்ணாதீர்கள். வெளிக்கட்டு அவ்வளவு ஆழத்தை எட்டாது.

படுக்கையில் இருக்கும் நாட்களில் கணுக்காலை அடிக்கடி அசைக்கச் சொல்லுங்கள். காலில் இரத்தம் உறையாதிருக்க அதுவும் உதவும். கெண்டைக்கால் வீங்கினாலோ, பாதத்தை மேலே தூக்க இயலாவிட்டாலோ, மூச்சுத்திணறினாலோ, இரவானாலும் தயங்காமல் உடனே செவிலியரை அழையுங்கள்.