இரண்டாம் தொடுதல்

தியானப் பகுதி: மாற்கு 8:22-25



பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவனை நம் ஆண்டவர் கைபிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் சென்று தொட்டார். அவனுக்குப் பார்வை வந்தது. ஆனால் நடமாடும் மனிதரை மரமென்று எண்ணும் அளவுக்கே தெளிவு இருந்தது. ஆண்டவர் அத்துடன் விட்டுவிடவில்லை. மறுபடியும் அவன் கண்கள்மேல் கைவைத்தார். கருவிழி அழற்சி திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளை மனதில் வைத்து இப்பகுதியைத் தியானிப்போம்.

1. நோய் ஏன் திரும்புகிறது?

கருவிழி என்பது கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் படலம். ஒவ்வாமை, இமையோர அழற்சி, காசநோய்க் கிருமிக்கு உடல் காட்டும் எதிர்ப்பு ஆகியவற்றால் அது சிவந்து புண்ணாகலாம். ஹெர்பிஸ் வைரஸ் மற்றொரு காரணம். முதல் தாக்குதல் ஆறிய பின்பும் இந்த வைரஸ் சாவதில்லை. முகத்து நரம்பின் முடிச்சில் ஒளிந்திருக்கும். காய்ச்சல் போன்ற வேளைகளில் மீண்டும் கண்ணுக்கு வரும். மருந்து அதை அடக்குமேயன்றி, ஒளிந்திருப்பதை அழிக்காது. ஆகவே நோய் திரும்பியது பெற்றோரின் பாவமுமல்ல, வைத்தியரின் தோல்வியுமல்ல. யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்ட கேள்வியை ஆண்டவர் ஏற்கவில்லை (யோவான் 9:2-3).

2. எங்கே தவறுகிறோம்?

சென்னையில் கண் சிவந்தால் "மெட்ராஸ் ஐ" என்று சொல்லிவிடுகிறோம். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுகிறோம். அல்லது பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்குகிறோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும். ஆனால் வைரஸ் புண் உள்ளே பரவும். அழற்சி ஆழமான அடுக்கில் இருக்கும்போது அதே ஸ்டீராய்டை வைரஸ் மருந்துடன் சேர்த்து, வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பலமுறை தாக்கிய கருவிழியில் உணர்ச்சி மங்கும். பிள்ளை அழவில்லை என்பதால் புண் இல்லை என்று எண்ணக்கூடாது.

3. திரும்பி வருவதே சிகிச்சை

அசைக்ளோவிர் மாத்திரையை 12 மாதங்கள் தொடர்ந்து கொடுத்து நடத்திய அமெரிக்க ஆய்வு ஒன்று 1998-ல் வெளியானது. மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு 32 பேருக்குத் திரும்பிய நோய், மருந்து எடுத்தவர்களில் 19 பேருக்கே திரும்பியது. அதில் பங்கெடுத்தவர்கள் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். சிறு பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்து வைத்தியர் அளவைத் தீர்மானிப்பார். தழும்பு விழுந்த கண்ணில் பார்வை வளர, நல்ல கண்ணைத் தினமும் சில மணிநேரம் மூடிவைக்கவும் சொல்லலாம்.

கருவிழி மாற்றலாமே என்று கேட்பீர்கள். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1948-லேயே டாக்டர் முத்தையா அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்தார். ஆனால் பிள்ளைகளின் உடல் புதிய கருவிழியைத் தள்ளிவிடுவது அதிகம். வைரஸ் அதிலும் திரும்பலாம். எனவே அது கடைசி வழி.

பிரியமானவர்களே, அறுவைச் சிகிச்சைக்கென்று காணிக்கை தருவது எளிது. கட்டு அவிழ்த்த அன்றே பலன் தெரியும். ஓராண்டு மருந்துக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும், பிள்ளையைக் கூட்டிவரும் தாய் இழக்கும் நாள்கூலிக்கும் தருவதில் அப்படிக் காட்ட ஒன்றுமில்லை. ஆனாலும் அங்கேதான் பார்வை காக்கப்படுகிறது. மூன்றாம் முறை வரவேண்டிய தாய் காசில்லாமல் நின்றுவிட்டால், முதல் இரண்டு முறை செய்ததும் வீணாகும்.

சிந்திக்க: ஒருமுறை உதவிவிட்டு நாம் மறந்துபோனவர் யார்?

ஜெபிக்க: சோர்ந்துபோன பெற்றோருக்காக, சலிக்காமல் பார்க்கும் வைத்தியர், தாதியருக்காக, இரண்டாம் முறையும் நீட்டும் கை நமக்கு வேண்டுமென்று.