புதிய கருவி வாங்குமுன்

அன்றாடக் கஷ்டங்களுக்குப் பரிகாரம் உண்டெனக் கூறிப் பிறர் பணத்தில் தொடங்கும் புதிய கம்பெனிகள் இன்று பல. அமெரிக்காவின் ஜூசெரோ கம்பெனியும் அத்தகையதாயிருந்தது. ஏறக்குறைய 12 கோடி டொலர் முதல் திரட்டிய அக்கம்பெனி, 2016இல் சாறு பிழியும் யந்திரத்தை 699 டொலருக்கு விற்றது. நறுக்கிய பழமும் மரக்கறியும் அடைத்த அதன் சொந்தப் பைகளை மாத்திரமே யந்திரம் பிழிந்தது. 2017 ஏப்பிரலில் பத்திரிகை நிருபர்கள் அப்பையைக் கையாற் பிழிந்து ஏறக்குறைய அதே அளவு சாறு எடுத்தனர். செப்டெம்பரில் கம்பெனி விற்பனையை நிறுத்தியது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. அவ்வேலையைக் கையாலும் உள்ள கருவியாலும் முதலிற் செய்து பார்த்து, மிச்சமாகும் கூலியைக் கணக்கிடுக.

2. கம்பெனி மூடப்படினும் உதிரிப்பாகம் கிடைக்குமா என விசாரிக்க.

3. அயலார் வயலில் ஒரு போகமேனும் அது வேலை செய்வதைக் காணாது கடன்பட வேண்டாம்.