அஞ்சும் நாயகன்

நுழையும்முன்

காப்பியத் தலைவன் அஞ்சாதவன் என்று படித்துப் பழகியவர்கள் நாம். தொலைக்காட்சிக் கார்ட்டூன்களிலோ நடுநடுங்கும் விலங்குகளும் தலைமைப் பாத்திரங்களாகி நிலைபெற்றிருக்கின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சி தந்த இரு நாய்களை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

பொய்யச்சம்

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர்களில் அடிதடி மலிந்திருந்தது. பெற்றோர் அமைப்புகள் எதிர்க்கவே, தொலைக்காட்சி நிறுவனங்கள் மென்மையான கதைகளைத் தேடின. அச்சூழலில், 1969 செப்டம்பரில் தோன்றியது ‘ஸ்கூபி-டூ’. ஹன்னா-பார்பெரா நிறுவனத்திற்காக அந்நாயை வடிவமைத்தவர் இவாவோ தகமோட்டோ. அவர், கிரேட் டேன் நாய்களை வளர்ப்பவர் ஒருவரிடம் அவ்வினத்தின் சிறந்த நாய்க்குரிய இலக்கணங்களைக் கேட்டறிந்தார். பின்னர் அவற்றுக்கு நேர்மாறாக வரைந்தார். நேரான முதுகு சரிந்தது, கால்கள் வளைந்தன. கம்பீரத்திற்குப் பெயர்பெற்ற உடல், பார்த்தவுடன் சிரிப்பூட்டும் உடலாயிற்று.

பேய் என்றதும் ஸ்கூபி ஓடும். துப்பறியச் செல்ல மறுக்கும். தின்பண்டம் காட்டினால் இசையும். அது தடுமாறி விழும் வழியிலேயே பலமுறை குற்றவாளி அகப்படுவான். பேயின் முகமூடியைக் களைந்தால் உள்ளே இருப்பவன் மனிதன். அஞ்சியதற்குக் காரணமே இல்லை என்று முடியும் கதைகள் இவை. ஆதலால் நாமும் கவலையின்றிச் சிரிக்கிறோம்.

மெய்யச்சம்

30 ஆண்டுகள் கழித்து வந்த நாயின் கதை வேறு. ஜான் டில்வொர்த் உருவாக்கிய குறும்படம் ஒன்று 1996இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததே, 1999 முதல் 2002 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பான ‘கரேஜ் தி கவர்ட்லி டாக்’. ‘கரேஜ்’ என்றால் துணிவு. ‘கவர்ட்லி’ என்றால் கோழைத்தனமான. தலைப்பே முரண்.

கான்சாஸ் மாநிலத்தில் ‘எங்குமில்லை’ என்று பொருள்படும் பெயருடைய ஓர் இடம். வெற்றுவெளியில் தனித்த வீடு. கைவிடப்பட்ட குட்டியாய்க் கிடந்த கரேஜை எடுத்து வளர்த்தவர் மூதாட்டி மியூரியல். அவருடைய கணவர் யூஸ்டஸோ முகமூடி அணிந்து அதை அலறவைத்து மகிழ்பவர்.

அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் வருத்தும் அணங்கு, விலங்கு, கள்வர், தமக்குத் தலைவராயினார் ஆகிய நான்கைக் கூறுவார். இத்தொடரில் நான்கையும் காணலாம். எகிப்திய மன்னன் ராம்சஸின் ஆவி வருகிறது. கேட்ஸ் என்னும் கொடிய பூனை வருகிறது. லே குவாக் என்னும் ஏமாற்றுக்கார வாத்து வருகிறது. தலைவரோ வீட்டிற்குள்ளேயே இருக்கிறார்!

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு. கரேஜ் மிகுதியும் பேசுவதில்லை. அதன் அச்சம் முழுவதும் உடலில்தான் தெரிகிறது. கண்கள் பிதுங்கும், பற்கள் உதிரும். வரப்போகும் ஆபத்தின் வடிவமாகவே தன் உடலை மாற்றிக் காட்டி மியூரியலை எச்சரிக்கும். அவருக்கு அது புரிவதேயில்லை. பரணிலுள்ள கணினியிடம் வழி கேட்கும். கணினி ஏளனம் செய்துவிட்டே விடை தரும்.

ராம்சஸ் கதையில், திருடப்பட்ட தன் கற்பலகையைத் திருப்பித் தருமாறு மன்னனின் ஆவி கேட்கிறது. பொருளாசையால் யூஸ்டஸ் மறுக்கிறார். வெள்ளம், பொறுக்கவியலாத இசை, வெட்டுக்கிளிக் கூட்டம் என மூன்று தண்டனைகள் அடுத்தடுத்து வருகின்றன. அஞ்சாத யூஸ்டஸால் அந்த வீட்டுக்கு ஒரு பயனும் இல்லை. நடுங்கும் நாய்தான் பலகையை உரியவனிடம் சேர்க்கிறது. ஸ்கூபியைப் போல இதுவும் ஓடலாம். ஆனால் மியூரியல் உள்ளே இருக்கிறார். ஸ்கூபிக்கு எதிரே நின்றது முகமூடி. இங்கே ஆபத்து மெய். ஆகவே கரேஜின் துணிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இத்தொடரில் 52 பகுதிகள் உள்ளன. இத்தனை பகைவரை வென்ற பின்னும் அந்நாயின் அச்சம் குறையவில்லை. ஆபத்து நீங்கியதும் மியூரியலின் மடியில் அமரும், பின்னால் யூஸ்டஸ் முகமூடியுடன் எழுவார், மீண்டும் அலறும்.