கொச்சியில் ஒரு வண்ணான்துறை

கேள்வி: கொச்சிக் கோட்டைப் பகுதியில் சீன வலைகளைத் தவிர அவசியம் பார்க்க வேண்டியது எது?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 1503-இல் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பி, 1663-இல் டச்சுக்காரர் கைப்பற்றி, 1795-இல் ஆங்கிலேயர் வசமான அக்கடற்கரையில், வாஸ்கோடகாமாவை முதலில் அடக்கம் செய்த தேவாலயத்தையும், மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூதர் ஜெபாலயத்தையும், கொங்கணியரும் குஜராத்தியரும் வாழும் வீதிகளையும், சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைகளையும் எல்லோரும் காட்டுவார்கள்; ஆனால் நான் விசேஷமாகச் சொல்ல விரும்புவது வெளி என்னும் பேட்டையிலுள்ள வண்ணான்துறையை.

டச்சுச் சிப்பாய்களின் உடுப்புகளை வெளுப்பதற்காக வரவழைக்கப்பட்டதாகத் தங்கள் பூர்விகத்தைக் கூறும் தமிழ்க் குடும்பத்தார், இன்றும் அங்கே தொட்டிக்கல்லில் துணி துவைத்து, கஞ்சியும் நீலமும் போட்டு, இரட்டையாக முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே முனைகளைச் செருகிக் காயவைக்கிறார்கள். எவ்வளவு கடற்காற்று அடித்தாலும் ஒரு துணியும் நழுவுவதில்லை. சாம்ராஜ்யங்களின் கல்லறைகளுக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பங்காவது, தலைமுறை தலைமுறையாக வந்த இந்தக் கைத்திறனுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். வெயில் ஏறுவதற்குள் போனால், துவைப்பதையும் உலர்த்துவதையும் ஒருசேரப் பார்க்கலாம். அவர்களோடு தமிழிலேயே பேசிப் பாருங்கள்.