அறுபதுக்குப் பிறகு ஜிம்: கண்டிக்காரருக்குச் சில குறிப்புகள்

கண்டியில் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஏறும் இடம் வரைக்குமே ஏற்றமும் படியும்தான். இங்கே வயதானவர்களுக்கு முதலில் வேண்டியது தொடையில் பலம். குளத்தைச் சுற்றி நடப்பது நல்லதுதான். ஒரு சுற்று மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஆனால் அந்தப் பாதை பெரும்பாலும் சமதரை. இறக்கத்தில் முழங்காலைத் தாங்கும் தசைக்கு அது போதாது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற மிதமான உழைப்போடு, 2 நாளாவது தசைப் பயிற்சியும் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஜிம்மில் பணம் கட்டுமுன் ஒருமுறை சும்மா போய்ப் பாருங்கள். உங்கள் பிரஷர், சீனி, போடுகிற குளிசைகள் பற்றிப் பயிற்சியாளர் விசாரிக்கிறாரா? விசாரிக்காமலே பாரத்தைக் கையில் தந்தால் வேறு இடம் தேடுங்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா, பாட்டுச் சத்தத்தில் அவர் சொல்வது காதில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

தொடக்கத்தில் ஒரு கதிரையே போதும். கைகளை நெஞ்சில் மடித்து, முன்னால் சாய்ந்து எழும்புங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெல்ல இறங்குங்கள். அந்த இறக்கத்திலும் பலம் ஏறும். பத்துத் தரம் செய்தால் தொடை சொல்லும்! பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கவேண்டாம், பிரஷர் எகிறும். சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பையில் இரண்டு டொபி இருக்கட்டும். நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்திவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.