கல்லூரிக் கட்டணமும் அடையாளக் கார்டின் நிறமும்

புக்கிட் தெங்கா வட்டாரத்துப் பெற்றோர்கள், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தவுடன் கட்டணச் சீட்டை ஊன்றிப் படித்தல் வேண்டும். அதில் பிள்ளை ‘பிரஜையல்லர்’ எனப் பதியப்பட்டிருப்பின் கட்டணம் மிகுதியாக உயரலாம். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனுதவியும் பிரஜைகளுக்கே உரியது.

கல்லூரி அடையாளக் கார்டைப் பார்த்தே கணக்கெழுதும். ஆதலின் வழக்கின் வேர் பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது. பெற்றோர் சிவப்புக் கார்டினர் எனில் பிள்ளையும் அந்நியரே என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. இன்று கல்லூரிப் பருவத்தில் உள்ளவர் இந்நாட்டில் பிறந்து, அவ்வேளையில் தாய் தந்தையருள் ஒருவர் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருப்பின், அரசியல் சட்டத்தின் 14ஆம் விதிப்படி அவர் பிரஜையே.

ஆனால், கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட குடும்பங்களில் சிக்கல் எழுகிறது. 1982 மார்ச் 1 முதல் திருமணப் பதிவு கட்டாயம். பதியாத மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் தகுதி எடுபடாது. தாயின் தகுதியே கணக்கு. இதை வெறும் காகித வேலை என்று நம்மவர் இன்னும் கருதுவது வருந்தத்தக்கது.

சீட்டில் பிழை கண்டால் வாய்ப்பேச்சோடு விடாது, கல்லூரி நிதிப் பிரிவுக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். பிறப்புப் பத்திரம், பெற்றோரின் கார்டுகள், திருமணப் பத்திரம், பதிவு இலாகாவில் மனுச் செய்த ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்து, முடிவு வரும்வரை பாக்கியை நிறுத்தி வைக்குமாறு கோரலாம். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்குவது நன்று.

14ஆம் விதிக்குள் வராத பிள்ளைகளுக்கு 15ஏ விதி உண்டு. அதன்படி மனுச் செய்ய 21 வயது எல்லையாக இருந்தது. 2024இல் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம் அதனை 18ஆகக் குறைக்கிறது. எனவே அம்மனுவை இடைநிலைப்பள்ளி நாளிலேயே கொடுத்துவிட வேண்டும்.