தக்காளியைத் தாக்கும் சிற்றுயிர்கள்: அறிவதும் அடக்குவதும்

ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றபின், சின்னக்கானலில் வீட்டின் பின்புறம் காய்கறி பயிரிட்டு வருகிறேன். நான் வேளாண்மை படித்தவன் அல்ல, இன்ஜினீயரிங் டிப்ளமோக்காரன். ஆயினும், தவறு செய்து கற்ற ஒரு பாடத்தை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு மாசி மாதம், காய் பிடித்திருந்த முப்பது தக்காளிச் செடிகளின் இலைகள் வெளிறத் தொடங்கின. "ஐயா, ஏலத்துக்கு அடிச்ச மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கு. அடிச்சுப் பாருங்க, எல்லாப் பூச்சியும் போயிரும்" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். இரண்டு முறை அடித்தேன். பத்தே நாளில் இலைகளில் மெல்லிய வலை படர்ந்து, செடிகள் காய்ந்தன. ஓர் இலையைக் கிருஷி பவனுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அலுவலர் லென்ஸ் வைத்துப் பார்த்து, இது பூச்சியே அல்ல, எட்டுக் கால் கொண்ட சிலந்திப்பேன் என்று விளக்கினார். நான் அடித்த மருந்து அதைக் கொல்லவில்லை. அதைத் தின்று வாழும் நல்ல உயிர்களைத்தான் கொன்றிருந்தது. பேத்தி ஆசையாகக் கேட்டும் அந்தக் காய்களைக் கொடுக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

ரயில் பாதையைக் கீமேன் தினமும் நடந்து பார்ப்பார். எந்த இடத்தில் என்ன பழுது என்று தெரிந்த பிறகே சாவியை எடுப்பார். செடிக்கும் அதுவே முறை. வாரம் இருமுறை இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். கொழுந்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

அடையாளங்கள்:

1. வெள்ளை ஈ: செடியை அசைத்தால் வெண்பொடி போலப் பறக்கும். சாறு உறிஞ்சுவதை விட, இலைச்சுருட்டை வைரஸைப் பரப்புவதே இதன் பெருங்கேடு. இலைகள் சிறுத்து மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாகும்.

2. இலைப்பேன்: ஏலத்தோட்டங்களில் 'திரிப்ஸ்' என்கிறோமே, அந்த இனம், ஏலத்தைத் தாக்குவது வேறு வகை. தாளில் தட்டினால் மெல்லிய கோடு போல ஓடும். இதுவும் வைரஸ் பரப்பும். கொழுந்து கருகும், பழத்தில் வளையம் வளையமாகத் தடம் விழும்.

3. அசுவினி: கொழுந்தில் கூட்டமாக மொய்க்கும். பேரிக்காய் வடிவம். இனிப்பான கழிவை வெளியேற்றுவதால் எறும்பு ஏறும். எறும்பைக் கண்டால் கொழுந்தைப் பாருங்கள்.

4. சிலந்திப்பேன்: வெயில் மாதங்களில் பெருகும். இலையின் மேற்புறம் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளிகள்; அடியில் நகரும் சிவப்புப் புள்ளிகள், மெல்லிய வலை.

கட்டுப்படுத்தும் முறை:

நாற்றங்காலை 40 மெஷ் நைலான் வலையால் மூடுங்கள். இளஞ்செடியில் வைரஸ் ஏறிவிட்டால் காய்ப்பை மறந்துவிட வேண்டியதுதான். அதற்கு மருந்து கிடையாது. அத்தகைய செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டினால் வெள்ளை ஈயும் சிறகுள்ள அசுவினியும் ஒட்டும். இலைப்பேனுக்கு நீல அட்டை. அசுவினியையும் சிலந்திப்பேனையும் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சியே பெருமளவு குறைக்கலாம்.

இவற்றுக்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்-பூண்டுக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி, அரைத்து வடிகட்டிய பூண்டு 20 கிராம், சாதாரண பார் சோப்பு 5 கிராம். சோப்பை முதலில் கரைத்து, எண்ணெயை ஊற்றி நன்றாகக் கலக்கி, பூண்டுச் சாற்றைச் சேர்க்கவும். இரண்டு இலையில் அடித்துப் பார்த்து, மறுநாள் கருகவில்லை என்றால் மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். சிலந்திப்பேன் மிகுந்தால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும், கடும் வெயிலிலும் கந்தகம் கூடாது, இலை கருகிவிடும்.

புகையிலைக் கஷாயத்தைத் தக்காளிக்கு அடிக்காதீர்கள். புகையிலையில் உள்ள ஒரு வைரஸ் தக்காளியையும் தாக்கும்.

அசுவினிக் கூட்டத்தினிடையே குட்டி முதலை போல ஒரு கரும்புழு திரிந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு. நம் கூலி வாங்காத கீமேன்!

கடை மருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், லேபிளில் தக்காளியின் பெயரும் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள் கணக்கும் உண்டா என்று பாருங்கள். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கொடிய விஷம் என்று பொருள். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்ஃபானை 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை செய்தது. அதற்குள் அங்குள்ள மக்கள் பட்ட பாட்டைக் கேரளத்தில் வாழும் நாம் மறக்கலாகாது.

இப்போது என் தோட்டத்தில் பதினைந்து செடிகள்தான். பேத்தி செடியிலிருந்தே பறித்துத் துடைத்துத் தின்கிறாள். அன்பர்களே, மருந்தைத் தேடுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்.